இசான் கிராமங்களில் வெளிநாட்டு மாப்பிள்ளைகள்: ஊர் எப்படி மாறுது?

[காட்சி: நெல்வயல், மரவீடுகள், நடுவே சுற்றுச்சுவர் வைத்த கான்கிரீட் வீடு]

தாய்லாந்தோட வடகிழக்குல 20 மாகாணங்கள் சேர்ந்த பகுதி இசான். பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. வருஷத்துக்கு ஒரு போகம் நெல்லு, மேட்டு நிலத்துல மரவள்ளியும் கரும்பும். உதோன் தானி, கோன் கேன் பக்கத்துக் கிராமங்கள்ல இந்த மாதிரி பெரிய வீடு தெரிஞ்சா, ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கிட்டு அங்கேயே தங்கின ஒரு ஃபராங், அதாவது வெள்ளைக்காரர், கட்டினதா இருக்க வாய்ப்பு அதிகம்.

வியட்நாம் போர் சமயத்துல உதோன்லயும் உபோன்லயும் அமெரிக்க விமானத் தளங்கள் இருந்துச்சு. கலப்புக் கல்யாணம் அப்பவே தொடங்கிடுச்சு. இப்ப வர்றவங்கள்ல நிறைய பேர் ஐரோப்பாவுல ரிட்டயர் ஆனவங்க.

இவங்க கிராமத்துல எப்படி ஒட்டுறாங்க? இசான்ல காலங்காலமா வீட்டோட மாப்பிள்ளை வழக்கம்தான். பெற்றோரைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கிறது மகள், அதுலயும் பெரும்பாலும் கடைசி மகள், வீடும் அவளுக்குத்தான். அதனால பணம் வந்ததும் முதல்ல அப்பா அம்மாவோட விவசாயக் கடன் அடையும், அடமான நிலம் மீளும், அப்புறம்தான் புது வீடு. கொத்தனாருக்கு வேலை, கோயிலுக்கு நன்கொடை. இன்னொரு பக்கம் நில விலையும், பொண்ணு வீட்டுக்குக் கொடுக்கிற பரிசப் பணமும் ஏறும். அதைக் கொடுக்க முடியாம தவிக்கிறது உள்ளூர் இளைஞர்கள். இந்த நஷ்டத்தை யாரும் சரியாப் பேசறதில்ல.

[காட்சி: நில அலுவலகம், பட்டாவின் பின்பக்கம்]

இப்ப சிக்கலான இடம், நிலம். வெளிநாட்டுக்காரர் பேர்ல நிலம் வாங்க முடியாது. வெளிநாட்டுக்காரரைக் கட்டின தாய்லாந்துப் பெண் வாங்கலாம்னு 1999-ல விதி வந்துச்சு. ஆனா பதிவு நாள்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்: "இந்தப் பணம் முழுக்க மனைவியோட தனிச் சொத்து." நாளைக்குப் பிரிஞ்சா, நிலத்துல அவருக்குப் பங்கு இல்ல.

பாதுகாப்புக்கு வழி இருக்கு. 30 வருஷம் வரைக்கும் குத்தகை எடுக்கலாம்; 3 வருஷத்துக்கு மேலன்னா பதிவு கட்டாயம். இல்லன்னா ஆயுசு வரைக்கும் அனுபவிக்கிற உரிமையை சானோட்டுல, அதாவது முழு உரிமைப் பட்டாவுல, எழுதி வாங்கலாம். இதுலயும் ஒரு ஓட்டை. சிவில் சட்டம் 1469-ம் பிரிவுப்படி, தம்பதிக்குள்ள கல்யாணத்துக்கு அப்புறம் போட்ட ஒப்பந்தத்தை அந்த ரெண்டு பேர்ல யார் வேணும்னாலும் ரத்து பண்ணலாம், கல்யாணம் முறிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும். அதனால கல்யாணத்துக்கு முன்னாடியே பதிவு பண்றது பலமானது. கட்டடம் மட்டும் அவர் பேர்ல இருக்கலாம். கட்டட அனுமதியையும் ரசீதையும் அவர் பேர்லயே வாங்கி வைக்கணும்.

முதல்ல பட்டா எந்த வகைன்னு பாருங்க. சோ.போ.கோ. நிலம்னா அது விவசாயிக்கு அரசு பயிர் செய்யக் கொடுத்தது. இஷ்டத்துக்கு விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. அதுல பெரிய வீடு கட்டினா போட்ட பணம் மாட்டிக்கும்.

[காட்சி: மாவட்ட மருத்துவமனை]

அடுத்த ஆபத்து உடம்பு. அரசோட 30 பாட் (பாட்-ங்கிறது தாய்லாந்து நாணயம்) மருத்துவத் திட்டம் தாய்லாந்துக் குடிமக்களுக்கு மட்டும்தான். கல்யாண விசாவுக்கு பேங்க்ல 4 லட்சம் பாட், இல்ல மாசம் 40,000 வருமானம் காட்டணும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அந்தப் பணத்தைத் தொட்டா விசா நீட்டிப்புல சிக்கல். பிரிட்டன்காரருக்கு இன்னொரு அடி: தாய்லாந்துல இருந்தா அரசு பென்ஷன் வருஷா வருஷம் ஏறாது, வாங்க ஆரம்பிச்ச தொகையிலேயே நின்னுடும். 2007 வாக்குல 1 பவுண்டுக்கு சுமார் 70 பாட் கிடைச்சுது. 2016-ல பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்கு அப்புறம் 50-க்கும் கீழ போச்சு. ஒரே பென்ஷனை நம்பி ஒரு பெரிய குடும்பமே இருக்கிறப்ப, இந்த வித்தியாசம் அடுப்படி வரைக்கும் தெரியும்.

பெண்களுக்கு ஒரு விஷயம் அழுத்திச் சொல்லணும். ஊர்ல சடங்கா நடத்துற கல்யாணம் மட்டும் போதாது, அது சட்டப்படி செல்லாது. மாவட்ட அலுவலகமான அம்போல பதிவு பண்ணணும். ஜெர்மன் விதவைப் பென்ஷனுக்கு, பொதுவா குறைஞ்சது ஒரு வருஷ பதிவுத் திருமணம் கேட்பாங்க. அவருக்கு உடம்பு முடியாமப் போனப்புறம் அவசரமாப் பதிவு பண்ணினா, அந்த ஒரு வருஷம் கைநழுவிப் போயிடலாம்.