கடைசி இடம் பிடித்த பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். யூரோவிஷன் என்றொரு பாட்டுப் போட்டி 1956 முதல் நடந்துவருகிறது. நாட்டுக்கு ஒரு பாட்டு. எல்லாம் ஒரே மேடையில், ஒரே இரவில், தொலைக்காட்சி நேரலையில். அதில் எந்த ஆண்டு யார் வென்றார் என்று கேட்டால் எனக்குப் பாதி மறந்துபோயிருக்கும். தோற்றவர்களைக் கேளுங்கள், சொல்கிறேன். அதிலும் போர்த்துகலைக் கேளுங்கள்!

1964-இல் முதன்முதலாகப் போனார்கள். வாங்கியது பூஜ்யம். பிறகும் விடாமல் போனார்கள்.

1974 ஏப்ரல் 6, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம். அன்று வென்றது சுவீடனின் அபா குழு. அவர்களைப் பற்றிப் பேச ஊரில் ஆள் இருக்கிறது. நான் சொல்ல வந்தது பவுலோ டி கார்வால்யோ என்ற போர்த்துகல் பாடகரைப் பற்றி. ‘விடைபெற்ற பிறகு’ என்று பொருள்படும் தலைப்பு. காதல் முறிந்தபின் ஒருவன், நான் யார், எனக்கு இங்கே என்ன வேலை என்று தன்னையே கேட்டுக்கொள்கிற பாட்டு. பதினேழு நாடுகள், நாட்டுக்குப் பத்து நடுவர்கள், ஆளுக்கு ஒரு வாக்கு. தங்கள் நாட்டுக்குத் தாங்களே போட முடியாது. மீதி 160 பேரில் இந்தப் பாட்டைத் தேர்ந்தவர்கள் மூன்றே பேர். கடைசி இடம். அதையும் வேறு மூன்று நாடுகளோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அதன்பின் பதினெட்டே நாள். ஏப்ரல் 24, இரவு. போர்த்துகலில் 48 ஆண்டுகளாகச் சர்வாதிகாரம். ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் பதின்மூன்று ஆண்டுகளாக முடிவில்லாத போர். சலித்துப்போன இளம் ராணுவ கேப்டன்கள் ஆட்சியைக் கவிழ்க்கத் துணிந்துவிட்டார்கள். ஆனால் படைகள் ஆளுக்கொரு முகாமில். எல்லோரும் ஒரே இரவில் கிளம்ப வேண்டும். உளவுப் போலீசுக்கு மூச்சு தெரியக் கூடாது. என்ன வழி?

வானொலிதான். இப்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே, இதே சாதனம்.

இரவு பதினொன்றுக்கு ஐந்து நிமிடம். லிஸ்பன் நிலையம் ஒன்றில் அறிவிப்பாளர் மணியைச் சொல்கிறார், பாடகர் பெயரைச் சொல்கிறார், பாட்டு ஒலிக்கிறது. வீட்டில் கேட்டவர்களுக்கு அது போட்டியில் தோற்ற பாட்டு, அவ்வளவே. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டிருப்பார்கள். முகாமில் காத்திருந்த அதிகாரிகளுக்கோ, ‘தயாராகுங்கள்’ என்ற சைகை. தணிக்கைக்காரர் கத்தரி வைக்க அதில் ஒரு சொல்லும் இல்லை. அழுகிற காதலன்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? கடைசி இடத்துப் பாட்டு, நேயர்களே, கடைசி இடத்துப் பாட்டு!

அந்த நிலையத்தின் ஒலி லிஸ்பன் வட்டாரத்தைத் தாண்டாது. ஆகவே நாடு முழுவதும் கேட்கும் இன்னொரு நிலையத்தில், நள்ளிரவு 12.20-க்கு, இரண்டாவது பாட்டு. இது ஜோசே அஃபோன்சோ பாடியது. தொடக்கத்தில் இசைக்கருவி எதுவும் கிடையாது. சரளைக் கல்லை மிதித்துக்கொண்டு பல கால்கள் சேர்ந்து நடக்கிற ஓசை மட்டும்: சரக், சரக், சரக். பிறகுதான் குரல் எழும். அது ஒலித்தால், ‘கிளம்பிவிட்டோம், இனித் திரும்புவதில்லை’ என்று படைகளுக்குச் சைகை.

விடிந்தபோது லிஸ்பன் தெருக்களில் பீரங்கி வண்டிகள். உணவகம் ஒன்றில் வேலை பார்த்த செலஸ்தே கயெய்ரோ என்ற பெண் கைநிறையக் கார்னேஷன் பூக்களோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். கடையின் முதலாம் ஆண்டு விழாவுக்கு வாங்கிய பூக்கள். கலவரமென்று கடையைத் திறக்கவில்லை, ஊழியர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். ஒரு சிப்பாய் அவரிடம் சிகரெட் கேட்டான். அவரிடம் இருந்ததோ பூதான். கொடுத்தார். சிப்பாய் அதை வாங்கித் துப்பாக்கிக் குழாயில் செருகிக்கொண்டான். அன்று மாலைக்குள் ஆட்சி விழுந்தது. கார்னேஷன் புரட்சி என்று பெயர் வந்தது இப்படித்தான்.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். 2017 யூரோவிஷனைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கீவ் நகரம். பாடகர் சால்வடோர் சோப்ரால். பாட்டு அவருடைய அக்கா லூயிசா எழுதியது. தம்பிக்கு இதயக் கோளாறு, முதல் ஒத்திகைகளுக்கு வர முடியவில்லை. அவருக்காக அக்காவே மேடையேறிப் பாடிப் பார்த்தார். ஆட்டமில்லை, வாணவேடிக்கை இல்லை, தாய்மொழியில் ஒரு மெல்லிய பாட்டு. 758 மதிப்பெண்! ஐம்பத்து மூன்று ஆண்டுகளில் போர்த்துகலுக்கு முதல் வெற்றி. அந்த டிசம்பரிலேயே அவருக்கு மாற்று இதயம் பொருத்தினார்கள்.

வென்றபின் பாட்டை மறுபடி பாட வேண்டும், அது வழக்கம். சால்வடோர் அக்காவையும் மேடைக்கு அழைத்துக்கொண்டார். ஒரு வரி அவர், ஒரு வரி இவர்... சரி, விளக்கு எரிகிறது. வணக்கம்.