எல்லாம் புரிகிறது, பேச்சு மட்டும் வரவில்லை

நேயர்களுக்கு வணக்கம். "எல்லாம் புரியுதுங்க, சொன்ன வேலையெல்லாம் செய்றான், பேச்சு மட்டும்தான் வரல." பேச்சுப் பயிற்சியாளராக நான் வேலை பார்க்கும் அறைக்குள் நுழையும் அம்மாக்களில் பலர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார்கள். இப்படி வரும் பிள்ளைகள் எல்லாருக்கும் காரணம் ஒன்றே இல்லை. சிலருக்குக் காது சரியாகக் கேட்காது. சிலருக்குப் பேச்சு கொஞ்சம் தாமதமாக வரும், ஆனால் வந்துவிடும். சிலருக்கு ஆட்டிசம் இருக்கும். இவர்களுக்கு நடுவில் எண்ணிக்கையில் குறைவான ஒரு வகைப் பிள்ளைகள் உண்டு. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களுக்கு இருப்பது அப்ராக்ஸியா. அந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சியை எப்படி ஏற்பாடு செய்வது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

இப்போது நீங்கள் எங்கே இருந்தாலும், சமையலறையிலோ வண்டியிலோ, "தண்ணி" என்று ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதலில் நாக்கு நுனி மேல்பல்லின் பின்பக்கம் போய் ஒட்டுகிறது. உடனே வாய் திறக்கிறது. அடுத்த நொடி அதே நாக்கு மேலே மடங்கி அண்ணத்தைத் தொடுகிறது, காற்று மூக்கு வழியாகப் போகிறது. அப்புறம் வாய் குறுகி 'இ' வருகிறது. இத்தனையும் அரை நொடிக்குள் முடிந்துவிடுகிறது. எதற்கு அடுத்து எது, எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்று மூளை முன்கூட்டியே திட்டம் போட்டு அனுப்புவதால்தான் முடிகிறது. அப்ராக்ஸியா உள்ள பிள்ளைக்கு அந்தத் திட்டம் போடுகிற இடத்தில்தான் சிக்கல். நாக்கில் பலம் இருக்கிறது, முறுக்கு கடிக்கிறான். தண்ணீர் என்றால் என்ன என்று தெரியும், சொம்பைக் காட்டுகிறான். ஆனால் சொல்ல வாயைத் திறந்தால் ஒரு தடவை "தா" வருகிறது, ஒரு தடவை "நீ" வருகிறது, ஒரு தடவை உதடு மட்டும் அசைகிறது.

இந்த மாறி மாறி வருவதைக் கவனியுங்கள். அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2007-இல் வெளியிட்ட அறிக்கை மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. ஒரே சொல்லை திரும்பச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகத் தவறுவது ஒன்று. ஓர் ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்குப் போகும்போது இழுத்து, தடுமாறிப் போவது இன்னொன்று. பேச்சின் ஏற்ற இறக்கம் பிசகுவது மூன்றாவது. வீட்டில் பார்க்கிறவர்களுக்கு வேறு சிலதும் தெரியும். கைக்குழந்தையாக இருந்தபோதே மழலைச் சத்தம் குறைவாக இருந்திருக்கும். உயிரெழுத்துகள்கூட மாறிப்போகும். சின்னச் சொல் வரும், நீளச் சொல் உடைந்துவிடும். "ஒரே ஒரு நாள் தெளிவா 'பாட்டி'ன்னு சொன்னான், அப்புறம் சொல்லவே இல்ல" என்பார்கள். அந்த ஒரு நாளை வைத்தே வீட்டில் சண்டை நடக்கும். அன்றைக்குச் சொன்னவன் இன்றைக்கு ஏன் சொல்லமாட்டேன் என்கிறான், அடம், திமிர் என்பார்கள். அடமும் இல்லை, திமிரும் இல்லை. தானாக வாயில் வந்து விழுந்த சொல்லை, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க அந்தப் பிள்ளையால் முடியாது.

இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். விருந்தாளி வந்தால் "மாமாவுக்கு உன் பேர் சொல்லு, சொல்லு, சொல்லு" என்று நிற்க வைக்காதீர்கள். நாலு பேர் பார்க்கும்போது அந்தப் பிள்ளைக்கு வரவே வராது. இன்னொன்று, அம்மாவைக் குற்றம் சொல்லாதீர்கள். "நீ பேச்சுக் கொடுக்கல, டிவிய போட்டு விட்டுட்ட" என்று எல்லாரும் அவர்கள் தலையில்தான் கட்டுகிறார்கள். டிவியைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் அப்ராக்ஸியா டிவியால் வருவதில்லை, அம்மா பேசாததால் வருவதில்லை.

நம் ஊரில் அடுத்து நடப்பது வசம்பு. சுட்டு, உரசி, தேனில் குழைத்து நாக்கில் தடவுவது. பாட்டிமார்கள் அன்போடுதான் செய்கிறார்கள், அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் சிக்கல் நாக்கின் மேல்தோலில் இல்லையே, திட்டம் போடும் மூளையில் இருக்கிறது. வசம்பு அங்கே போய் எதுவும் செய்யாது. நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேச்சு வரும் என்பதும் அப்படித்தான். நாக்கு ஒட்டினால் சில ஒலிகள் பிசகலாம், பேச்சே வராமல் போவதற்கு அது காரணம் ஆகாது. இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "அவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினாரு" என்று காத்திருந்து, பிள்ளைக்கு ஐந்து முடிந்து ஆறு தொடங்கும்போது வருகிறார்கள். காத்திருக்க வேண்டாம். மூன்று வயதுக்கு முன்னால் அப்ராக்ஸியா என்று உறுதியாகச் சொல்வது எங்களுக்கும் கடினம். ஆனால் பயிற்சியைத் தொடங்க அந்தப் பெயர் உறுதியாக வேண்டும் என்று இல்லை.

சரி, முதலில் எங்கே போவது? முதலில் காது. பிள்ளை கூப்பிட்டால் திரும்புகிறான், பாட்டுக்கு ஆடுகிறான் என்றாலும் காது பரிசோதனையை விடாதீர்கள். சில ஒலிகள் கேட்டு, சில ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஓ.ஏ.இ., பெரா என்ற பரிசோதனைகளைச் செய்கிறார்கள். அதே வளாகத்தில் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறதா என்று கேளுங்கள். டி.இ.ஐ.சி. என்றால் வழி காட்டுவார்கள். 2013-இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வந்த மையங்கள் இவை. பிறந்த குழந்தை முதல் பதினெட்டு வயது வரை இலவசம். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலே அங்கே அனுப்பி வைப்பார்கள்.

தனியாரிடம் போவதானால் பலகையைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். 'ஸ்பீச் தெரபி' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிவிடுகிறார்கள். இந்தப் படிப்புக்குப் பெயர் பி.ஏ.எஸ்.எல்.பி. நான்கு வருடம், அதில் கடைசி வருடம் மருத்துவமனைப் பயிற்சி. மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்திலும், சென்னையில் சில கல்லூரிகளிலும் சொல்லித் தருகிறார்கள். முடித்தவர்கள் ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். "உங்கள் ஆர்.சி.ஐ. பதிவு எண் என்ன?" என்று தயங்காமல் கேளுங்கள். முறையாகப் படித்தவர் கோபப்பட மாட்டார்.

இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். அப்ராக்ஸியா உள்ள பிள்ளைகளோடு வேலை செய்திருக்கிறீர்களா என்பது ஒன்று. வகுப்பில் என் பிள்ளை எத்தனை தடவை வாய் திறந்து சொல்லுவான் என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். ஊதல் ஊதுவது, மெழுகுவத்தி அணைப்பது, சோப்புக் குமிழ் விடுவது, உதட்டைச் சுற்றித் தேன் தடவி நக்க வைப்பது என்றே முழு நேரமும் ஓடுகிற வகுப்புகள் இருக்கின்றன. பிள்ளை சந்தோஷமாக ஊதுவான், பணமும் போகும். ஊதினால் ஊதத்தான் வரும். இந்தப் பயிற்சிகள் பேச்சைக் கொண்டுவருகின்றன என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. பேச்சு வர வேண்டுமானால் பேசித்தான் பழக வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், பேசித்தான் பழக வேண்டும்.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் தவில் கற்றுக்கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். குருவும் பையனும் எதிரெதிரே உட்கார்ந்து, முதலில் மெதுவாக, இரண்டு பேரும் சேர்ந்தே ஜதியை வாயால் சொல்லுவார்கள். வாய் பழகிய பிறகுதான் வேகம். பழகியதும் குரு தன் குரலைக் குறைத்துக்கொள்வார். அப்ராக்ஸியாவுக்கு உலகம் முழுவதும் அதிகம் பயன்படும் ஒரு முறை கிட்டத்தட்ட இப்படித்தான். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இருந்த ஈடித் ஸ்ட்ராண்ட் என்ற அம்மையார் வகுத்தது. என் முகத்தைப் பார், கேள், என்னோடு சேர்ந்து சொல்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். நான்கு வயது. அப்பா லால்குடிப் பக்கம் மினி பஸ்ஸில் கண்டக்டர். எந்தச் சொல்லில் தொடங்கலாம் என்று கேட்டேன். அம்மா "அம்மா" என்றார்கள், எந்த அம்மாவும் அதைத்தான் சொல்லுவார்கள். கூட வந்த பாட்டி மட்டும், "இவனுக்கு பஸ்ஸ விட்டா வேற உலகம் ஏதுங்க?" என்றார். அவன் அதற்குள் என் மேசையின் பக்கவாட்டில் பட் பட் என்று இரண்டு தட்டுத் தட்டினான். கண்டக்டர் தகரத்தில் தட்டுவது போல. சரி என்று "போலாம்" என்ற சொல்லை எடுத்தோம்.

பாயில் எதிரெதிரே உட்கார்ந்தோம், என் முகம் அவன் முகத்துக்கு நேராக இருக்கும்படி. "போஓஓ" என்றேன். அவன் என் வாயையே பார்த்தான். உதடு குவிந்தது, மூடியது, சத்தம் இல்லாமல் திறந்தது. மறுபடி "மா" வந்தது. அப்புறம் "பா". கன்னத்தின் இரண்டு பக்கமும் என் விரலை வைத்து லேசாக உதட்டைக் குவித்துவிட்டு, சேர்ந்து சொன்னோம். "போ" வந்தது. பிறகு "போஓஓலாஆஆம்", நிறுத்தாமல், இழுத்து. 'போ' தனி, 'லாம்' தனி என்று வெட்டக் கூடாது, இவர்களுக்குச் சிக்கலே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதுதான். பழகியதும் நான் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தேன். அதற்கு அப்புறம் நான் சொல்லி முடித்த பிறகு அவன் சொன்னான். கடைசியில் நான் சும்மா பார்த்துக்கொண்டு இருந்தேன், அவனே சொன்னான். கேள்வியாக ஒரு "போலாமா?", அதட்டலாக ஒரு "போலாம்!", கெஞ்சலாக ஒன்று. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் ஆக்கினோம். ஒவ்வொரு பொம்மை ஏறும்போதும் அவன் "போலாம்" சொன்னால்தான் வண்டி நகரும். அரை மணி நேரத்தில் நூறு தடவைக்கு மேல் சொல்லியிருப்பான், அவனுக்கு அது பயிற்சி என்றே தெரியாது.

அறையில் வந்த சொல் வீட்டில் வரவில்லை. இது வழக்கம்தான், பயப்பட வேண்டாம். அப்பா ஒரு வேலை செய்தார். காலையில் முதல் நடை எடுப்பதற்கு முன்னால், காலியாக நிற்கும் பஸ்ஸில் மகனை ஏற்றி பத்து நிமிடம் அதே விளையாட்டு. சாயங்காலம் பாட்டியோடு வாசலில் இன்னும் ஒரு பத்து நிமிடம். சொல் வீட்டுக்கும் வந்தது, பஸ்ஸுக்கும் வந்தது. "ரைட்" மட்டும் ரொம்ப நாள் வராமல் "அய்" என்றே நின்றது. ஆனால் "போலாம் அய்" என்று அவன் கத்தினால் அந்த வழித்தடத்துப் பயணிகளுக்கு எல்லாம் புரியும்.

இதை இவ்வளவு நீளமாகச் சொன்னதற்குக் காரணம் அந்தப் பத்து நிமிடம். மற்ற பேச்சுத் தாமதங்களுக்கு வாரம் ஒரு வகுப்பு போதலாம். அப்ராக்ஸியாவுக்குப் போதாது. தொடக்கத்தில் வாரம் மூன்று முதல் ஐந்து தடவை என்பதுதான் பொதுவான பரிந்துரை. வாரத்தில் ஒரே நாள் இரண்டு மணி நேரத்தைவிட, நான்கு நாள் அரை அரை மணி நேரம் என்பது நல்லது. துறையூரிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் வாரம் நாலு நாள் பஸ் ஏறி வர முடியுமா? கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் வருவதே ஒரு நாள் சம்பளம். அதனால் பயிற்சியாளரிடம் இப்படிக் கேளுங்கள். ஒரு நாள் நேரில் வருகிறோம், இன்னொரு நாள் செல்போனில் வீடியோ அழைப்பில் பார்ப்பீர்களா? மற்ற நாளில் வீட்டில் செய்ய ஐந்து சொல் மட்டும் குறித்துத் தருவீர்களா? வகுப்பு நடக்கும்போது நாங்கள் உள்ளே உட்காரலாமா? பெற்றோரை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்துகிற இடமாக இருந்தால், காரணம் கேளுங்கள்.

அந்த ஐந்து சொல்லும் உங்கள் வீட்டுப் பேச்சில் இருக்கட்டும். 'வேண்டாம்' வேண்டாம், 'வேணாம்' போதும். வா, தா, ஆயா, அக்கா, ஆட்டோ. பள்ளியில் ஆங்கிலம் என்பதற்காக வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் அப்ராக்ஸியா வராது. தமிழை நிறுத்தினால் பாட்டியோடு பேசும் பேச்சுதான் போகும்.

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து நேரம் ஆகிறது என்று கை காட்டுகிறார்கள். பள்ளிக்கூடம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேச்சு வரும்வரை பிள்ளை சும்மா இருக்க வேண்டாம். படம் காட்டுவது, சைகை, செயலி எதுவும் பயன்படுத்தலாம். சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலியில் தமிழும் இருக்கிறது. இதனால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் வேண்டாம், ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பள்ளியில் ஆசிரியரிடம், இவனுக்குப் பாடம் புரியும், வாய்மொழித் தேர்வுக்குப் பதிலாகச் சுட்டிக்காட்டச் சொல்லுங்கள் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், அவரைப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. சான்றிதழுக்குத் தகுதி உண்டா என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள். போகும்போது காது பரிசோதனைச் சீட்டையும், பிள்ளை பேச முயற்சி செய்வதைச் செல்போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோவையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.