புது வால்வு ஏன் மாட்டிய அன்றே ஒழுகுகிறது? யார்டிலிருந்து ஒரு வ்லாக்

வணக்கம் மக்களே. மைக்கில் இரைகிறது இல்லையா, அது கடல்காற்று. கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காடு பக்கம், தண்ணீர் லைனுக்கான பைப்பும் வால்வும் போட்டு வைக்கும் ஒரு யார்டில் நிற்கிறேன். மைக்குக்குத் துணி சுற்றியும் அடங்க மாட்டேன் என்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வீடியோவில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, புது வால்வு, மாட்டின அன்னைக்கே ஒழுகுது, கம்பெனி சரியில்லையா?" கம்பெனியைத் திட்டும் முன்னால் அந்த வால்வு இத்தனை நாள் எங்கே கிடந்தது என்று கேளுங்கள், தம்பி.

இதோ இதைப் பாருங்கள். 300 எம்எம் கேட் வால்வு, நம் ஆட்கள் பன்னிரண்டு இஞ்ச் என்பார்கள். உள்ளே கேட் என்கிற தட்டு கீழே இறங்கித் தண்ணீரை அடைக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பார்க்கவில்லை, பில் பிரகாரம் புதுசு. டார்ச்சை உள்ளே அடிக்கிறேன். அந்த மண் உருண்டை தெரிகிறதா? குளவிக்கூடு. சீட்டில், அதாவது கேட் வந்து உட்காருகிற இடத்தில், இருக்கிற கன்மெட்டல் (வெண்கல வகை) வளையத்தை ஒட்டியே கட்டியிருக்கிறது. இதோடு மூடினால் கேட் எப்படிப் போய் உட்காரும்? ஃபிளேஞ்ச் முகத்தை, அதாவது பைப்போடு போல்ட் போட்டுச் சேர்க்கிற விளிம்பை, நகத்தால் சுரண்டுகிறேன், துரு பொருக்காக வருகிறது. கசிவை அடைக்கிற கேஸ்கெட் உட்காருகிற இடம் இது!

வால்வு வரும்போது இரண்டு வாயிலும் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றிக் கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கொண்டுபோய்விடுவார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இரண்டு எடுத்தவன்தான். லைனில் ஏற்றுகிற நிமிஷம் வரை அந்த மூடி கழறக் கூடாது.

நம் மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. நடுவில் உப்புக்காற்று. அதனால் தரையில் போடாதீர்கள், கட்டை அடுக்கி மேலே வையுங்கள், கூரை வேண்டும். தார்ப்பாயை இறுக்கிச் சுற்றினால் உள்ளே வேர்த்துத் துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும், அடியில் காற்றோட வழி விடுங்கள். ஸ்பின்டில், அதாவது ஹேண்ட்வீலையும் கேட்டையும் இணைக்கிற தண்டு, அதன் மரைக்கும் ஃபிளேஞ்ச் முகத்துக்கும் கிரீஸ் தடவுங்கள்.

அப்புறம், எந்த நிலையில் வைப்பது? கேட் வால்வை மூடி வையுங்கள், சீட்டில் தூசி ஏறாது. கேட்டுக்கு ரப்பர் உறை போட்ட ரகமென்றால் ஒரு பொடி தளர்த்துங்கள், ரப்பர் நசுங்கியே கிடக்கக் கூடாது. நடுவில் வட்டத் தட்டு சுழன்று அடைக்கிற பட்டர்ஃபிளை வால்வுக்கும் அதே காரணம்தான், லேசாகத் திறந்திருக்கட்டும். உள்ளே ஓட்டை போட்ட உருண்டை சுழல்கிற பால் வால்வை மட்டும் முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். ரப்பர் உள்ள எதையும் வெயிலில் போட்டால் வெடித்துவிடும்.

தூக்குவது பற்றி ஒரு கதை. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு சைட்டில், அவசரம், ஹேண்ட்வீலிலேயே பெல்ட்டைப் போட்டுத் தூக்கிவிட்டோம். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. மாட்டித் திருகினால் பாதியில் இறுகுகிறது. ஸ்பின்டில் வளைந்திருந்தது. அன்றைக்கு வாங்கிய ஏச்சு இன்னும் காதில் நிற்கிறது. பாடியைச் சுற்றித்தான் பெல்ட், வாய்க்குள் விட்டும் தூக்கக் கூடாது.

மாட்டும்போது பைப்பின் உள்ளே வெல்டிங் கசடு, மணல் எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். இரண்டு பைப்பும் நேர்கோட்டில் நிற்காவிட்டால் போல்ட்டால் இழுத்துச் சேர்க்காதீர்கள், அந்த இழுவை முழுக்க வால்வின் பாடியில்தான் இறங்கும். பிஎன் 16 (16 பார் அழுத்தத்துக்கான ரகம்) என்றால் இந்தச் சைஸுக்கு 12 போல்ட். ஒன்றை முறுக்கினால் அடுத்தது நேர் எதிரே உள்ளது. ஒரே மூச்சில் இறுக்காமல் மூன்று சுற்றாக ஏற்றுங்கள். பட்டர்ஃபிளையாக இருந்தால் தட்டை லேசாகத் திறந்து நடுவில் செருகி, முழுக்கத் திறந்து பைப்பில் தட்டு இடிக்கிறதா என்று பார்த்த பிறகே கடைசி இறுக்கு. சரியா?

ஓடுகிற லைனில் நான் செய்வது ஒன்றுதான்: சுற்றை எண்ணுவேன். ஹேண்ட்வீலில் சாக்பீஸால் ஒரு கோடு. இந்தச் சைஸ் கேட் வால்வு மூட ஏறத்தாழ 38 சுற்று ஆகும், தயாரிப்பைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். மாட்டிய அன்றே எண்ணி எழுதி வையுங்கள். பின்னால் ஒரு நாள் 33இல் நின்றுவிட்டால் அடியில் கல்லோ மணலோ கிடக்கிறது. உடனே பைப்பை ஸ்போக்கில் செருகி நெம்புகிற ஆள்தான் கேட்டை உடைப்பவர். சில சுற்று திறந்து, தண்ணீர் வேகத்தில் அது அடித்துப் போகட்டும், மறுபடி மூடிப் பாருங்கள். கடைசிச் சில சுற்றுகளை மெதுவாகவே திருகுங்கள், இல்லையென்றால் தண்ணீர் திரும்பி அடித்து லைனே அதிரும். தொடாமலேயே கிடக்கிற வால்வை வருஷத்துக்கு ஒரு தடவையாவது மூடித் திறங்கள்.

கிளாண்டில், அதாவது ஸ்பின்டில் வெளியே வருகிற கழுத்தில், கசிந்தால் இரண்டு நட்டையும் கால் கால் சுற்றாக, சமமாக இறுக்குங்கள். அப்படியும் நிற்காவிட்டால் அதற்குள் கசிவை அடைக்கத் திணித்திருக்கிற பேக்கிங்கை மாற்ற வேண்டும், அதை லைனில் பிரஷர் இருக்கும்போது திறக்கவே கூடாது.

சரி, இப்போது இந்தக் கூட்டைச் சுரண்டி எடுக்கப் போகிறேன். ஒரு மரக்குச்சி போதும், இரும்பால் நோண்டினால் வளையத்தில் கீறல் விழும்... ஐயோ, கூட்டின் சொந்தக்காரி வந்துவிட்டாள். கேமராவை அப்புறம் போடுகிறேன், மக்களே!