காதலர் தினமும் கண்தானமும்

விழாவிற்குத் தலைமை தாங்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் அருட்தந்தை அவர்களே, எனக்குப் பின் உரையாற்றவிருக்கும் கண் மருத்துவர் அம்மையார் அவர்களே, அழைப்பிதழ் அச்சிடுவதிலிருந்து நாற்காலி போடுவதுவரை ஓய்வின்றி உழைத்திருக்கும் செயலாளர் அவர்களே, முதல் வரிசையில் அமர்ந்து என்னை அச்சுறுத்தும் தமிழாசிரியப் பெருமக்களே, அவையோரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். தலைவர் அவர்கள் என்னை அறிமுகப்படுத்தியபோது சொன்ன புகழுரைகளில் பெரும்பகுதி அவருடைய நல்ல மனத்தைக் காட்டுவது. ஆனால், “எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் இவர் கண்தானத்தில்தான் போய் நிற்பார்” என்று சொன்னாரே, அதை மட்டும் மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறேன். அருட்தந்தை அவர்கள் தம்முடைய பணிகளுக்கிடையே வந்திருப்பதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். நான் பேசப்போவது அவருடைய திருச்சபையின் புனிதர் ஒருவரைப் பற்றியது என்பதால், பிழை நேர்ந்தால் இங்கேயே திருத்திவிடும் உரிமையும் அவருக்கு உண்டு.

பிப்ரவரி 14-ஐப் பற்றி மூன்று செய்திகளைச் சொல்லலாம் என்று வந்தேன். அந்த நாள் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. அதற்குள் இருக்கும் ஆன்மிகப் பொருள் இரண்டாவது. வாழ்த்து அட்டையும் பரிசுப் பொருளும் அதை எவ்வாறு வணிகமாக்கின என்பது மூன்றாவது.

என் மேடைகளைத் தொடர்ந்து கேட்டு வருபவர்களுக்கு, நான் விடாமல் மல்லுக்கு நிற்கும் பழமொழி ஒன்று உண்டு என்பது தெரியும். “தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்” என்பதே அது. கொடுக்க மனமில்லாதவர் அனைவருக்கும் அது ஒரு கேடயமாகப் பயன்பட்டுவருவதால், அதை இன்றும் விடப்போவதில்லை.

முதலில் வரலாறு. வாலண்டைன் என்ற பெயரில் பழைய ஏடுகள் குறைந்தது இருவரைக் காட்டுகின்றன. ஒருவர் ரோம் நகரக் குருவானவர், மற்றவர் இன்று தெர்னி என்று வழங்கும் ஊரின் ஆயர், அதாவது பிஷப். இருவரும் பிளாமினியச் சாலை ஓரத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்கள் என்றும், இருவருக்கும் பிப்ரவரி 14-ஆம் நாளே நினைவு நாள் என்றும் சொல்லப்படுவதால், ஒருவரே இருவராகப் பிரிந்துவிட்டாரோ என்று ஆராய்ச்சியாளர்கள் ஐயுறுவதில் வியப்பில்லை. இரண்டாம் கிளாடியஸ் பேரரசராக இருந்த காலத்தில், ஏறத்தாழ 269-ஆம் ஆண்டில், ரோமைச் சேர்ந்த வாலண்டைன் தலை வெட்டப்பட்டார் என்பது மரபு. நான்காம் நூற்றாண்டில் திருத்தந்தை முதலாம் ஜூலியஸ் அந்தச் சாலையோரத்தில் அவர் பெயரால் ஓர் ஆலயம் எழுப்பியதாகவும் பழைய குறிப்பு உண்டு. இவற்றில் எதிலும் காதலர் இல்லை.

அப்படியானால், படை வீரர்கள் மணம் செய்துகொள்ளக் கூடாது என்று பேரரசர் தடை விதித்தாராம், வாலண்டைன் அவர்களுக்கு இரகசியமாகத் திருமணம் செய்து வைத்தாராம் என்று ஆண்டுதோறும் நாம் படிக்கும் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கிளாடியஸ் அப்படி ஒரு தடை விதித்ததற்குச் சான்று இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டு ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்ட புனிதர் வரலாற்றுத் தொகுப்பில் வாலண்டைனுக்கு இடம் இருந்தும், அதில்கூட அந்த இரகசியத் திருமணங்கள் இல்லை. ரோமர்கள் பிப்ரவரி 15-இல் கொண்டாடிய லூபர்காலியா என்ற விழாவோடு இதை முடிச்சுப் போடுவோரும் உண்டு. ஆட்டைப் பலியிட்டு, அதன் தோலை வாராகக் கீறி, இளைஞர்கள் அதைச் சுழற்றிக்கொண்டு ஓட, பிள்ளைப்பேறு வேண்டிய பெண்கள் அந்த அடியை விரும்பி ஏற்ற விழா அது. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை கெலாசியஸ் அதைக் கண்டித்து எழுதியது உண்மை. ஆனால் அதற்கு மாற்றாகக் காதலர் திருநாளை அவர் ஏற்படுத்தினார் என்பது நாள்கள் அடுத்தடுத்து இருப்பதைக் கண்டு பிற்காலத்தார் செய்த ஊகமே.

காதல் உள்ளே நுழைவது 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசரின் பறவைகளோடு. புனித வாலண்டைன் நாளில் பறவைகள் எல்லாம் கூடித் தத்தம் துணையைத் தேர்ந்தெடுக்கின்றன என்று அவர் ஒரு நெடும்பாடல் எழுதினார். அரசவையினர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் அது குடும்பங்களுக்குள்ளும் வந்துவிட்டது. 1477 பிப்ரவரியில் மார்ஜெரி புரூஸ் என்ற நார்ஃபோக் பகுதிப் பெண், தனக்குப் பேசப்பட்டிருந்த ஜான் பாஸ்டனுக்கு, அவரைத் தன் வாலண்டைன் என்று விளித்து எழுதிய கடிதம் பிரித்தானிய நூலகத்தில் இன்றும் இருக்கிறது. கடிதத்தின் பெருங்கவலை என்ன தெரியுமா? சீதனம்! தந்தை பேசிய தொகைக்கு மேல் தர மறுக்கிறார், தாய் எவ்வளவோ மன்றாடிப் பார்த்துவிட்டார், நீங்கள் என்னை நேசிப்பது உண்மையானால் இதற்காக என்னைக் கைவிட மாட்டீர்கள் என்று அந்தப் பெண் எழுதுகிறார். தந்தை “தனக்கு மிஞ்சித்தான்” கட்சியைச் சேர்ந்தவர் போலும். ஆனாலும் அந்தத் திருமணம் நடந்தது என்பதை இங்கிருக்கும் இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

வரலாறு இப்படி இருக்க, ஆன்மிகப் பொருளை எங்கே தேடுவது? 1969-இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் பொது நாள்காட்டியைத் திருத்தியபோது, பெயரையும் அடக்கம் செய்த இடத்தையும் தவிர உறுதியாக ஒன்றும் தெரியவில்லை என்று வாலண்டைனின் நினைவை அதிலிருந்து எடுத்துவிட்டது. புனிதர் பட்டியலிலிருந்து நீக்கிவிடவில்லை. மறைசாட்சிகளின், அதாவது தம் நம்பிக்கைக்காக உயிரைக் கொடுத்தவர்களின், நினைவு நாளில் குருவானவர் சிவப்பு உடை அணிவார், அது சிந்திய இரத்தத்தின் நிறம். கடைகளில் தொங்கும் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிவப்பே நினைவுக்கு வரும். நண்பருக்காக உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பு இல்லை என்று யோவான் நற்செய்தியில் இயேசு சொல்வதை உரைகல்லாக வைத்தால், இந்த நாள் பெறுவோரைவிடக் கொடுப்போருக்கே உரியது.

இதற்கு ஒரு பழங்கதை உண்டு. இதை வரலாறாகச் சொல்லவில்லை, மரபுக் கதையாகவே சொல்கிறேன். சற்று நீளும், தலைவர் அவர்கள் மணியைக் கையில் எடுக்காமல் இருப்பாராக. சிறைப்பட்ட வாலண்டைனை அஸ்தேரியஸ் என்ற நீதிபதியின் வீட்டுக் காவலில் ஒப்படைக்கிறார்கள். வாசற்படியைத் தாண்டும்போதே அவர், உண்மையான ஒளியே, இந்த வீட்டுக்கு ஒளி தாரும் என்று வேண்டுகிறார். நீதிபதி சட்டம் படித்தவர் அல்லவா, உடனே பிடித்துக்கொள்கிறார்: “உன் கிறிஸ்து ஒளி என்கிறாயே, அதைச் சோதித்துப் பார்க்கிறேன். எனக்கு ஒரு வளர்ப்பு மகள் இருக்கிறாள், பார்வை போய்விட்டது. அவளைப் பார்க்கச் செய், நீ சொல்வதையெல்லாம் கேட்கிறேன்.” மகள் அழைத்து வரப்படுகிறாள். கையில் ஒரு காசு இல்லாத, நாளை உயிர் இருக்குமா என்று தெரியாத கைதி, தன்னைக் காவலில் வைத்திருப்பவரின் மகளுடைய கண்களின்மீது கை வைத்துச் செபிக்கிறார். தன் விடுதலையை விலையாகக் கேட்கவில்லை. அவள் பார்க்கிறாள். நீதிபதியும் மனைவியும் காலில் விழுந்து, இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்க, வீட்டிலுள்ள சிலைகளை உடை, மூன்று நாள் நோன்பு இரு, உனக்குத் தீங்கு செய்தவர் அனைவரையும் மன்னித்துவிடு, திருமுழுக்குப் பெறு என்கிறார். நாற்பதுக்கும் மேற்பட்ட வீட்டார் திருமுழுக்குப் பெறுகிறார்கள்; நீதிபதி தன் காவலில் இருந்த கிறிஸ்தவர்களைத் திறந்துவிடுகிறார். செய்தி பேரரசருக்கு எட்டுகிறது, பிறகு நடந்ததை முன்பே சொன்னேன். சாவதற்கு முன் அந்தப் பெண்ணுக்கு “உன் வாலண்டைன்” என்று அவர் காதல் கடிதம் எழுதினார் என்பது பின்னாள் ஒட்டு. பழங்கதையில் கடிதமும் இல்லை, காதலும் இல்லை. “தனக்கு மிஞ்சித்தான்” என்று அந்தக் கைதி கணக்குப் பார்த்திருந்தால், அவருக்கு மிஞ்சியிருந்தது என்ன?

கதை அற்புதத்தைச் சொல்கிறது. மருத்துவம் அதைக் கைப்பழக்கமாக்கிவிட்டது. 1905 டிசம்பர் 7 அன்று, இன்றைய செக் நாட்டின் ஓலமூட்ஸ் நகரில், எட்வார்ட் சிர்ம் என்ற மருத்துவர், சுண்ணாம்பு பட்டுப் பார்வை இழந்த அலோயிஸ் குளோகர் என்ற தொழிலாளிக்குக் கருவிழி மாற்றினார். கருவிழி வந்தது, காயம்பட்டு, காப்பாற்ற இயலாமல் அகற்றப்பட்ட ஒரு 11 வயதுச் சிறுவனின் கண்ணிலிருந்து. ஒரு கண்ணில் சிகிச்சை தோற்றது, மற்றொன்றில் பார்வை வந்தது; அவர் வேலைக்குத் திரும்பினார். 1930-களில் ஒடெஸா நகர மருத்துவர் ஃபிலாத்தோவ், இறந்தவர்களின் கருவிழியையே பயன்படுத்தலாம் என்று செய்து காட்டி வழியைத் திறந்தார்.

கருவிழி என்பது கைக்கடிகாரத்தின் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய படலம். அதில் இரத்தக் குழாய்கள் இல்லாததால் இரத்த வகைப் பொருத்தம் பார்க்க வேண்டிய தேவை பொதுவாக எழுவதில்லை. கண்ணாடி அணிந்தவரும், கண்புரை அறுவை செய்துகொண்டவரும், நீரிழிவு உள்ளவரும் கண்தானம் செய்யலாம். வெறிநாய்க்கடி நோய், எச்ஐவி, மஞ்சள்காமாலை வைரஸ் போன்ற தொற்றுகள் இருந்தால் இயலாது. எல்லாப் பார்வையின்மையையும் இது தீர்க்காது, கருவிழி பழுதானவர்களுக்கே பயன்படும்; ஆனால் ஒருவரின் இரு கண்கள் இருவருக்குப் பார்வை தரலாம். இப்போது அந்தப் பழமொழிக்காரர்களைக் கேட்கிறேன்: மண்ணுக்கோ நெருப்புக்கோ போகவிருக்கும் கண்ணைவிடத் தனக்கு மிஞ்சிய பொருள் உலகத்தில் வேறு ஏதாவது உண்டா? உங்கள் பழமொழிப்படியே வாருங்கள், நான் மறுக்கவில்லை.

வாழ்த்து அட்டை வணிகத்தைப் பற்றிய மூன்றாவது செய்தி அப்படியே நிற்கிறது. தலைவர் அவர்கள் சீட்டு அனுப்பிவிட்டதால் அதை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன். வீட்டில் ஒருவர் இறந்தால் செய்ய வேண்டியதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். இமைகளை மூடுங்கள், அவற்றின்மேல் ஈரப் பஞ்சு வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தலையைத் தலையணையால் சற்று உயர்த்துங்கள், உடனே கண்வங்கிக்குச் சொல்லுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் அவர்கள் வந்தாக வேண்டும், வந்தால் அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும், முகம் சிதையாது. அம்மையார் அவர்கள் பேசும்போது உறுதிமொழிப் படிவங்கள் வரிசை வரிசையாக வரும். கையொப்பமிட்டதை வீட்டாரிடம் இன்றே சொல்லிவிடுங்கள், ஏனெனில் கண்வங்கியை அழைக்கப்போவது அவர்கள்தாம். பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்.