எட்டாம் மாதத்து பிரஷர் மூன்றாம் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது

[காட்சி: தோவாளைப் பூச்சந்தை, விடிகாலை. பிச்சிப்பூக் குவியல். அடுத்து ஒரு வீட்டு முன்னறை. தாம்பாளங்களில் முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு.]

வணக்கம். இன்றைக்குப் பேசப்போகிற விஷயம் கர்ப்ப காலத்தில் வருகிற பிரஷர். அது எங்கள் வீட்டில் ஒரு பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் தொடங்கியது.

என் சித்தி மகளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம். குளச்சலில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து தோவாளைக்கு அழைத்துவர, முந்திரிக்கொத்தும் முறுக்குமாக ஒரு வேன் நிறைய ஆட்கள் போயிருந்தோம். அவள் மூலையில் உட்கார்ந்து விரலில் சோப்பைத் தேய்த்து மோதிரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். கழலவில்லை. "பிள்ளைக்குக் காலு நீர் வச்சிருக்கு, கேட்டியா. ஆம்பளப் பிள்ளைதான்" என்றார் பாட்டி. தலை வலிக்கிறது என்று அவள் சொன்னதற்கு, "அலைச்சல்தான் மக்ளே, செத்த படு" என்றார் இன்னொரு அக்கா.

அந்தத் தெருவிலேயே குடியிருக்கிற கிராமச் செவிலியரும் விருந்துக்கு வந்திருந்தார். அவர் காலைப் பார்க்கவில்லை, மோதிர விரலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய் பிபி மெஷினை எடுத்துவந்தார். 150/100. கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். அதே 150/100.

வேன் தோவாளைக்குப் போகவில்லை, நேராக ஆஸ்பத்திரிக்குப் போனது.

[காட்சி: திரையில் 150/100 என்ற எண் மட்டும்.]

அந்த எண் எங்கிருந்து வந்தது? உப்பு, கவலை, மாமியார் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். உண்மையில் அது நஞ்சுக்கொடியிலிருந்து வந்தது. அதுவும் அன்றைக்கு வந்ததல்ல. நான்கு மாதத்துக்கு முன்னால், யாருக்கும் தெரியாமல் தொடங்கியது.

[காட்சி: தட்டில் வைத்த நஞ்சுக்கொடியின் வரைபடம். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு.]

நஞ்சுக்கொடி என்றதும் நம் ஊரில் பலருக்கு மாடுதான் ஞாபகம் வரும். கன்று ஈன்றதும் விழுவதைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாடும் நன்றாகப் பால் கறக்கும் என்று நம்பிக்கை. மனுஷி பெற்றதும் விழுகிற நஞ்சுக்கோ அந்த மரியாதைகூடக் கிடையாது, ஆஸ்பத்திரியின் மஞ்சள் பைக்குள் போய்விடும்.

நிறைமாதத்தில் அது சுமார் அரைக் கிலோ இருக்கும். குறுக்களவு 22 சென்டிமீட்டர். கனமான ஒரு ஊத்தப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லத்தீனில் பிளசென்டா என்ற சொல்லுக்கே தட்டைப் பணியாரம் என்றுதான் அர்த்தம், ஆக உவமை என்னுடையது இல்லை. அதை உருவாக்குவது தாயின் உடம்பு என்று நினைக்கிறோம். பெரும்பாலும் பிள்ளையின் செல்கள்தான் அதைக் கட்டுகின்றன. அப்பாவின் மரபணுவும் அதில் பாதி உண்டு.

[காட்சி: பேச்சிப்பாறை அணை. கால்வாய். கிளை வாய்க்கால். வயல் மடை.]

அடுத்த பகுதியை நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தது. அங்கிருந்து வருகிற தண்ணீர் பெரிய கால்வாய், கிளை வாய்க்கால், கடைசியில் வயல் மடை என்று இறங்குகிறது. மடை வாய் குறுகலாக இருந்தால் என்ன ஆகும்? தண்ணீர் பீய்ச்சி அடித்து நாற்றைப் பிடுங்கும், மண்ணை அரித்துக் குழி போடும், வயலின் மறுகோடிக்குப் போய்ச் சேராது. வாயை மண்வெட்டியால் அகலப்படுத்தினால் தண்ணீர் மெதுவாகப் பரவும்.

கருப்பையின் சுவரிலும் இப்படித்தான். அங்கே திருகுத் தமனிகள் என்று சுருள் சுருளான சிறிய ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. பிள்ளையின் செல்கள் சுவருக்குள் இறங்கி, அந்தக் குழாய்களின் தசையைக் கரைத்து, வாயைப் புனல் மாதிரி விரிக்கின்றன. விரித்துவிட்டால் ரத்தம் நொடிக்கு 10 சென்டிமீட்டர் அளவில் நிதானமாக வந்து நஞ்சைச் சூழ்ந்துகொள்ளும். விரிக்காவிட்டால் நொடிக்கு 1 முதல் 2 மீட்டர் வேகத்தில் பீய்ச்சி அடிக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நஞ்சு அரிபடும், சில பகுதிகள் காய்ந்துபோகும், பிள்ளைக்கு வருகிற சாப்பாடு குறையும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த வேலையின் முதல் கட்டம்தான். முதல் 10, 12 வாரம் வரை அதே செல்கள் குழாயின் வாயைக் கட்டியாக அடைத்து வைக்கின்றன. பச்சைக் கருவுக்கு அவ்வளவு ஆக்சிஜன் ஆகாது. அதுவரை கருப்பைச் சுரப்பிகளின் பாலில்தான் அது வளர்கிறது. நாற்று வேர் பிடிக்கும்வரை மடையை அடைத்து வைக்கிற கதைதான். அப்புறம் மெதுவாகத் திறக்கிறது. 20 வாரத்துக்குள் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

அந்த வேலை பாதியில் நின்றால் வலிக்காது, ரத்தம் போகாது, அறிகுறி ஒன்றுமே இருக்காது. நம் வீடுகளிலோ "மூணு மாசம் கழியட்டும், வெளியே சொல்லாண்டாம்" என்கிற காலம் அது.

[காட்சி: கருப்பு வெள்ளை நுண்ணோக்கிப் படம் போன்ற வரைபடம்: விரிந்த குழாய், விரியாத குழாய்.]

இதைக் கண்டுபிடித்த விதத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 1967-இல் பிரோசன்ஸ், ராபர்ட்சன், டிக்சன் என்ற மூவர், நஞ்சு ஒட்டியிருந்த இடத்தின் கருப்பைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, சாதாரணக் கர்ப்பத்தில் குழாய்கள் எப்படி மாறுகின்றன என்று எழுதினார்கள். பிரஷர் வந்த பெண்களில் அந்த மாற்றம் மேலோட்டமாக நின்றுபோயிருந்தது. சரி, குழாய் கருப்பையில் இருக்கிறது. தலை ஏன் வலிக்கிறது? சிறுநீரகம் ஏன் கெடுகிறது? இந்தக் கேள்விக்குப் பல வருஷம் பதில் இல்லை.

பதிலுக்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர், அனந்த் கருமஞ்சி. சிறுநீரக மருத்துவர். 2003-இல் பாஸ்டனில் அவருடைய குழு ஒரு விஷயத்தைக் கண்டது. பட்டினி கிடக்கிற நஞ்சு எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறி அம்மாவின் ரத்தத்தில் கொட்டுகிறது. ரத்தக் குழாய்களைப் பராமரிக்கிற நல்ல புரதங்களை அது பிடித்துக் கட்டிப்போடுகிறது. எலிகளுக்கு அதைச் செலுத்தியபோது பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது. கர்ப்பமே இல்லாத எலிக்கும் அப்படியே. அடுத்த வருஷமே இன்னொன்று தெரிந்தது: நோய் வெளியே தெரிவதற்குச் சுமார் 5 வாரம் முன்பே இந்தப் புரதம் ஏறத் தொடங்கிவிடுகிறது.

நஞ்சுதான் காரணம் என்பதற்கு நம் பாட்டிமாருக்கே தெரிந்த ஒரு சாட்சி உண்டு. முத்துப்பிள்ளைக் கர்ப்பம். உள்ளே பிள்ளையே இருக்காது, திராட்சைக் கொத்து மாதிரி நஞ்சுத் திசு மட்டும் பெருகும். அந்தப் பெண்ணுக்கும் இதே பிரஷர் வரலாம். திசுவை எடுத்தால் இறங்கிவிடும்.

இந்த நோய்க்கு ப்ரீஎக்ளாம்சியா என்று பெயர். 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல், கூடவே சிறுநீரில் புரதமோ, ஈரல், சிறுநீரகம், மூளை போன்றவற்றில் பாதிப்போ இருப்பது. முற்றினால் வலிப்பு. அந்தக் காலத்தில் "பெத்த வீட்டுல ஜன்னி கண்டு செத்தா" என்று சொன்ன கதைகளில் பல இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

[காட்சி: ஸ்பிரிட் விளக்கு, சோதனைக் குழாய்.]

இப்போது உப்பு. நம் ஆஸ்பத்திரிகளில் "யூரின்ல உப்பு இருக்கு" என்பார்கள். அவர்கள் சொல்வது ஆல்புமின், அதாவது புரதம். கேட்கிற குடும்பம் அன்றைக்கே கருவாட்டை நிறுத்தும், கஞ்சியில் உப்பை நிறுத்தும். பாவம், அந்தப் பிள்ளை வாய்க்கு ருசியில்லாமல் சாப்பாட்டையே குறைத்துக்கொள்ளும்.

பழைய சோதனையைப் பாருங்கள். சிறுநீரைக் குழாயில் எடுத்து மேல் பாதியை மட்டும் சூடாக்குவார்கள். புரதம் இருந்தால் முட்டை வெள்ளைக்கரு வேகிற மாதிரி வெண்மையாகத் திரண்டு கலங்கும். உடனே முடிவு சொல்ல மாட்டார்கள், இரண்டு மூன்று சொட்டு அசிட்டிக் அமிலம் விடுவார்கள். கலங்கல் கரைந்துபோனால் அது பாஸ்பேட், நிஜமான உப்பு, ஒன்றுமில்லை. கரையாமல் நின்றால்தான் புரதம். ஆக, நாம் உப்பு என்று பெயர் வைத்திருப்பது உப்பு இல்லை என்று நிரூபணமான பிறகு மிஞ்சுவது. ப்ரீஎக்ளாம்சியாவைத் தடுக்க உப்பைக் குறைக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே பிரஷர் இருக்கிறவர்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், அது வேறு.

[காட்சி: மாத்திரை அட்டைகள், நெருக்கத்தில்.]

சரி, தடுக்க முடியுமா? ஓரளவு முடியும். ஆனால் காலத்தே.

ஆஸ்பிரின். 2017-இல் வெளியான ஆஸ்ப்ரி என்ற ஆய்வில் அபாயம் அதிகமுள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி, 36 வாரம் வரை தினமும் இரவு 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வைக்கிற ப்ரீஎக்ளாம்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. மடை வெட்டுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தால்தான் இந்த மாத்திரைக்கு வேலை. எட்டாம் மாதத்தில் தொடங்கிப் பிரயோசனம் இல்லை. முந்தின பிரசவத்தில் பிரஷர் வந்தவர்கள், முன்பே பிபி, சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள் முதல் செக்கப்பிலேயே கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்க வேண்டியது டாக்டரிடம். மெடிக்கலில் வாங்கித் தாங்களே போட்டுக்கொள்வது வேண்டாம்.

கால்சியம். 2024-இல் பெங்களூரிலும் தான்சானியாவிலும் நாட்டுக்கு 11,000 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் கொடுத்ததும் 1,500 கொடுத்ததும் ப்ரீஎக்ளாம்சியாவைத் தடுப்பதில் சளைக்கவில்லை. மூன்று மாத்திரையைப் பார்த்து பயந்து ஒன்றையும் விழுங்காதவர்களுக்கு நல்ல சேதி. நம் கடற்கரையில் நெத்திலியை முள்ளோடு சாப்பிடுகிறவர்களுக்கு அதிலும் கால்சியம் உண்டு. மரச்சீனிக் கிழங்கு மட்டும் வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள், ஒன்று மற்றதை உறிஞ்ச விடாது.

வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி. 2002-இல் 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வில் வலிப்பு அபாயம் பாதிக்கும் கீழே இறங்கியது. போட்டதும் உடம்பெல்லாம் தீயாக எரிகிறது என்பார்கள். நர்ஸ் அடிக்கடி வந்து முழங்காலைத் தட்டிப் பார்ப்பார். கால் துள்ளினால் மருந்து அளவோடு இருக்கிறது என்று அர்த்தம். விளையாட்டுக்குத் தட்டுவதில்லை.

[காட்சி: ஸ்கேன் படம் மாதிரியான வரைபடம், நஞ்சு கருப்பையின் அடியில்.]

இனி நஞ்சின் இன்னொரு முகம். குழாயை விரிக்காமல் விடுவது ஒரு கோளாறு என்றால், நிறுத்தத் தெரியாமல் ஆழமாகப் புகுந்துவிடுவது அதற்கு நேர் எதிர். பழைய சிசேரியன் தழும்பின் மேல் நஞ்சு உட்கார்ந்தால் அப்படி நடக்கலாம். பிள்ளை வந்த பிறகும் நஞ்சு பிரியாது. பிரித்தால் ரத்தம் கொட்டும். கருப்பையையே எடுக்க நேரும். 2006-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின் கணக்கு: நஞ்சு கீழே கருப்பை வாயை மூடி இருக்கிற பெண்களில் முதல் சிசேரியனின்போது இது 3 சதவீதம், இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40. தமிழ்நாட்டில் சிசேரியன் பிரசவம் 44.9 சதவீதம் என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு பகீர் என்றது. ஐந்தாம் மாத ஸ்கேனில் "நஞ்சு கீழே இருக்கு" என்று எழுதியிருந்தாலே பயப்பட வேண்டாம், கருப்பை வளர வளரப் பெரும்பாலும் மேலே போய்விடும். முன்பு சிசேரியன் ஆகியிருந்தால் மட்டும் அடுத்த ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

[காட்சி: ஒரு கட்டைப்பை, அதற்குள் தாய் சேய் நல அட்டை.]

ஏழாம் மாதம் அம்மா வீட்டுக்குப் போகிறோமே, அந்த இடம் கொஞ்சம் சிக்கல். பிரஷர் தலைகாட்டத் தொடங்குகிற நேரத்தில் பெண்ணுக்கு ஊர் மாறுகிறது, செவிலியர் மாறுகிறார், டாக்டர் மாறுகிறார். மூன்றாம் மாதத்தில் 100/60 இருந்தவளுக்கு இப்போது 136/86 என்றால் அது ஏற்றம்தான், ஆனால் பழைய அட்டையைக் குளச்சலில் வைத்துவிட்டு வந்தால் தோவாளையில் யாருக்குத் தெரியும்? பலகாரச் சட்டியை எண்ணி எடுக்கிறோம், அட்டையை மறக்கிறோம்.

விடாத தலைவலி, கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி மினுக்கம், வலது விலாவுக்குக் கீழே வலி, பிள்ளை அசைவு குறைவது, ரத்தப்போக்கு, வயிறு கல்லாக இறுகுவது, இதில் ஒன்று வந்தாலும் 108. விலா வலியை வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்து ராத்திரியைக் கழிக்க வேண்டாம். கோதையாற்றுப் பக்கம் மலையிலிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வரை இறங்குகிறவர்களுக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

[காட்சி: தொட்டில் துணி, ஒரு பிஞ்சுக் கால்.]

என் தங்கச்சிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பிரஷர் மாத்திரை, பிள்ளையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி, தினமும் ரத்தப் பரிசோதனை என்று நான்கு வாரம் தாக்குப்பிடித்தார்கள். 34 வாரம் தாண்டியதும் பிரசவம். பிள்ளை 1 கிலோ 900. நஞ்சை நர்ஸ் தட்டில் காட்டினார். உள்ளங்கை விரித்த அளவைவிடச் சற்றுப் பெரிது, ஓரத்தில் வெளுத்துக் காய்ந்த திட்டுகள். பெற்றாயிற்று, இனி பயமில்லை என்று நாங்கள் நினைத்தோம். ஐந்தாம் நாள் பிரஷர் மறுபடி ஏறியது. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் வரை இது வரலாம், முதல் வாரம் ரொம்பக் கவனம். பிற்காலத்தில் பிபியும் இதய நோயும் வருகிற வாய்ப்பும் இவர்களுக்குக் கூடுதல், அதனால் வருஷம் ஒருமுறை பிபி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பிறந்தது பெண் பிள்ளை. பாட்டியிடம் காலு நீர் விஷயத்தைக் கேட்டேன். "அது வேற நீரு மக்ளே" என்கிறார்.