கதவோரத்து நாற்காலி

வணக்கம் நேயர்களே. நான் ஓர் உளவியல் சிகிச்சையாளர். கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுத்து நிம்மதியாக இருப்பவர்களுக்கு என்னிடம் வேலை இல்லை. மனசார ஆசைப்பட்டு, கைகூடி வரும்போது ஓட்டம் பிடிக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

நான் பார்த்த பலரைக் கலந்து ஒருவராகச் சொல்கிறேன். நான்கு வருடக் காதல். தேதி குறிக்கலாம் என்றதும், அதுவரை உருகி உருகிக் கேட்ட அவளுடைய சிரிப்பு இவருக்குத் திடீரென்று எரிச்சலாகிவிட்டது. இதற்கு முன்பு இரண்டு உறவுகளும் இப்படித்தான் முறிந்தனவாம்.

நினைவுக்கு வராததை மனிதன் செயலில் திரும்பத் திரும்ப நடத்திக் காட்டுகிறான் என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் 1914-இல் எழுதினார். பழைய அனுபவங்கள் இன்றைய நடத்தையை எப்படி ஆட்டுவிக்கின்றன என்று பேசிப் பார்க்கும் சைக்கோடைனமிக் சிகிச்சைக்கு அதுதான் பிடி. வாரம் ஒருமுறை, சுமார் 50 நிமிடம், பேச்சு மட்டும். சில மாதங்களில் முடியலாம், வருடக்கணக்கிலும் போகலாம்.

இவர் கதவோரத்து நாற்காலியின் நுனியில், பையை மடியில் வைத்தபடி உட்காருவார். ஏழாவது வாரம் அழுதுவிட்டார். எட்டாவது வாரம் அவசர வேலை, வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்து, "இப்போது சரியாகிவிட்டது, நிறுத்திக்கொள்ளலாமா?" என்றார்.

காதலியிடம் செய்ததையே என்னிடமும் செய்கிறார், பார்த்தீர்களா? பழைய உறவின் உணர்ச்சி சிகிச்சையாளர் மேல் வந்து இறங்குவதை உணர்ச்சி இடமாற்றம் என்போம். போகாதீர்கள் என்று கெஞ்சவும் கூடாது, சரி என்று விட்டுவிடவும் கூடாது. "இங்கே அழுததற்கும் கிளம்ப நினைப்பதற்கும் சம்பந்தம் இருக்குமோ?" என்று மட்டும் கேட்டேன்.

வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவைத் தட்ட மாட்டேன். அப்பா, அம்மா சண்டைச் சத்தம் கேட்கிறதா என்று படியிலேயே நின்று கேட்பேன்."

முப்பது வயதிலும் அவர் அந்தப் படியில்தான் நின்றுகொண்டிருந்தார். இது புரிந்த மறுநாளே பயம் போய்விடாது. அதே பயம் வேறு வேறு வேஷத்தில் வரும். ஒவ்வொரு முறையும் இன்னார்தான் என்று அடையாளம் காண வேண்டும். அலுப்பான வேலைதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். துணை அடிப்பவர், மிரட்டுபவர் என்றால் அந்தப் பயம் நோய் அல்ல. அதை ஆற்றுப்படுத்த நான் முயல மாட்டேன்.

கல்யாணம் நடந்ததா என்று கேட்பீர்கள். நான் கலந்து சொன்ன பலரில் சிலருக்கு நடந்தது. சிலர் பிரிந்தார்கள்; ஆனால் இந்த முறை ஓடிப்போகாமல், எதிரே உட்கார்ந்து காரணத்தைச் சொல்லிவிட்டு.