கொழுப்புத் துளி யார் பக்கம்?

வணக்கம் நேயர்களே. கொழுப்பு என்றதுமே பலருக்குக் கை தானாக இடுப்பைத் தடவும். நான் பேச வந்தது அந்தக் கொழுப்பு இல்லை. ஒற்றைச் செல்லுக்குள் மிதக்கிற கொழுப்புத் துளியைப் பற்றி. செல்லுக்குள் ஓர் ஒட்டுண்ணி புகுந்தால், அந்தத் துளி செல்லின் பக்கமா, ஒட்டுண்ணியின் பக்கமா என்பதுதான் கேள்வி.

இதை நெடுங்காலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு காரணம் வேடிக்கையானது. திசுவை நுண்ணோக்கியில் பார்க்கப் பதப்படுத்தும்போது ஆல்கஹாலில் ஊற வைப்பார்கள். கொழுப்பு கரைந்து போய்விடும். கண்ணாடித் தகட்டில் மிஞ்சுவது வெறும் ஓட்டை. ஓட்டையை யார் ஆராய்வார்கள்? கொழுப்பைக் கரைய விடாமல் ‘ஆயில் ரெட் ஓ’ சாயம் ஏற்றினால், அதே இடத்தில் குன்றிமணி போலச் சிவப்புத் துளிகள் தெரியும். நடுவில் டிரைகிளிசரைடு, கொலஸ்டிரால் எஸ்டர் என்ற கொழுப்பு வகைகள். சுற்றிலும் ஒற்றை அடுக்கு உறை. உறைமேல் ஒட்டிய புரதங்கள். அவ்வளவுதான் அதன் உடம்பு.

சரி, ஒட்டுண்ணிக்கு வருவோம். 1909-இல் பிரேசிலில் கார்லோஸ் சாகஸ் கண்டறிந்த டிரிப்பனோசோமா குரூசி என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, ரத்தம் குடிக்கும் ஒருவகைப் பூச்சியின் எச்சத்தோடு உடலுக்குள் வரும். மேக்ரோபேஜ் என்ற எதிர்ப்புச் செல் அதை விழுங்குகிறது. விழுங்கினால் செத்துவிட வேண்டும் அல்லவா? பல சமயம் சாவதில்லை. விழுங்கிய செல்லுக்குள்ளேயே பெருகத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் மேக்ரோபேஜுக்குள் கொழுப்புத் துளிகளும் மளமளவென்று கூடுகின்றன.

அவை சும்மா கிடப்பதில்லை. துளிக்குள் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் இருக்கிறது. அதை மாற்றுகிற காக்ஸ்-2 நொதியும் அங்கேயே வந்து சேர்கிறது. இரண்டும் சேர்ந்தால் புரோஸ்டாகிளாண்டின் ஈ-2 என்ற சமிக்ஞைப் பொருள் தயார். இது மேக்ரோபேஜின் வேகத்தைத் தணித்துவிடும். லாபம் ஒட்டுண்ணிக்கு.

ஆய்வகத்தில் இப்படிப்பட்ட செல்களுக்கு, காக்ஸ் நொதியைத் தடுக்கும் ஆஸ்பிரினைக் கொடுத்துப் பார்த்தார்கள். புரோஸ்டாகிளாண்டின் குறைந்தது, துளிகள் குறைந்தன, ஒட்டுண்ணியின் பெருக்கமும் குறைந்தது. உடனே மாத்திரை டப்பாவைத் தேடாதீர்கள்! உயிருள்ள எலிகளில் முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை.

லீஷ்மேனியா என்ற வேறோர் ஒட்டுண்ணி இன்னும் கெட்டிக்காரன். தன் உடம்புக்குள்ளேயே கொழுப்புத் துளி வைத்திருக்கிறது, அதில் தானே புரோஸ்டாகிளாண்டினும் தயாரிக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா என்ற மற்றோர் ஒட்டுண்ணியோ, குடியிருக்கும் செல்லின் துளியிலிருந்தே கொழுப்பை எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் துளி துரோகியா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், கிருமியின் வாடை பட்டதும் துளியின் மேல் நுண்ணுயிர்க் கொல்லிப் புரதங்கள் வந்து ஏறுவதைக் கண்டார்கள். அங்கே எதிரி பாக்டீரியா. ஒட்டுண்ணிகளோடும் இதே கதைதானா என்பது தனிக் கேள்வி.

எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில், விழுங்கிய ஒட்டுண்ணியைச் செல் அடைத்து வைக்கும் பையின் சுவரை ஒட்டியே கொழுப்புத் துளிகள் நிற்பதைப் பார்க்கலாம். ஆயுதம் கொண்டுவந்து நிற்கிறதா, சாப்பாடு கொண்டுவந்து நிற்கிறதா? படத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.